மூன்று ஆய்வகம், மூன்று எக்செல்: மண் நுண்ணுயிர்த் தரவை ஒரே தரத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: காவிரி டெல்டாவில் நெல் வயல் மண்ணின் நுண்ணுயிர்களை 16எஸ் முறையில் (பாக்டீரியாக்களை அடையாளம் காட்டும் 16எஸ் ஜீனைப் படிப்பது) ஆராயும் கூட்டுத் திட்டம் ஒன்றில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். மொத்தம் மூன்று குழுக்கள். ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒரு எக்செல் வைத்திருக்கிறது. ஒரு குழு இரண்டு வருடம் முன்பே மாதிரி எடுத்து, டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்கும் முடித்துவிட்டது. நாங்கள் வருகிற சம்பாவில்தான் தொடங்கப் போகிறோம். கட்டுரை அனுப்பும்போது தரவை 'மிக்ஸ்' தரப்படி பொதுக் களஞ்சியத்தில் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? பழைய தரவை என்ன செய்வது?

பதில்: மண்ணைத் தோண்டும் முன்பே கேட்டிருக்கிறீர்கள், அதுவே பாதி வேலை. பலருக்கு இந்தக் கேள்வி வருவது கட்டுரையெல்லாம் எழுதி முடித்து, களஞ்சியத்தின் படிவம் 'இந்தக் கட்டம் காலி' என்று திருப்பி அனுப்பும்போதுதான். அன்றைக்கு வயலில் தண்ணீர் நின்றதா, கடைசியாக யூரியா எப்போது போட்டார்கள் என்பதெல்லாம் அதற்குள் யாருக்கும் நினைவில் இருக்காது. தரவுத் தரம் கணினியில் அமைவதில்லை, வரப்பில் நிற்கும்போதே அமைகிறது. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

முதலில் மிக்ஸ் பற்றிச் சுருக்கமாக. 2005-இல் தொடங்கிய ஜீனோமிக் ஸ்டாண்டர்ட்ஸ் கன்சார்ஷியம் என்ற பன்னாட்டு அமைப்பு, ஒரு ஜீனோமை, அதாவது ஓர் உயிரின் முழு டிஎன்ஏ தொகுப்பைப் பொதுவில் வைக்கும்போது கூடவே வர வேண்டிய குறைந்தபட்சத் தகவல் என்ன என்று 2008-இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. 2011-இல் அதை 16எஸ் போன்ற மார்க்கர் ஜீன் (உயிரை அடையாளம் காட்டும் ஜீன்) ஆய்வுகளுக்கும் விரித்து, எல்லாவற்றையும் மிக்ஸ் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். மண், நீர், கழிவுநீர், மனிதக் குடல் என்று மாதிரி எங்கிருந்து வந்ததோ அதற்கேற்ப தனித்தனித் தொகுப்புகள் அதில் உண்டு. உங்களுக்கு வேண்டியது மண் தொகுப்பு. ஐரோப்பாவின் ஈஎன்ஏ களஞ்சியத்தில் அதன் எண் இஆர்சி000022. அமெரிக்காவின் என்சிபிஐயில் மண்ணுக்கான மிமார்க்ஸ் சர்வே (மிக்ஸில் மார்க்கர் ஜீன்களுக்கான பட்டியல்) என்ற பெயரில் தேடுங்கள்.

அந்த என்சிபிஐ படிவத்தில் கட்டாயக் கட்டங்கள் பார்க்கக் கொஞ்சம்தான்: சேகரித்த தேதி, ஆழம், கடல்மட்டத்திலிருந்து உயரம், இடப்பெயர், அட்சரேகை–தீர்க்கரேகை, சூழலை மூன்று நிலைகளில் சொல்லும் மூன்று சொற்கள். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றிலும் மூன்று குழுவும் மூன்று விதமாக எழுத வழி இருக்கிறது. அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். 06-10-2023 என்று எழுதினால் நமக்கு அது அக்டோபர் 6. அமெரிக்க முறையில் அமைத்த கணினிக்கு ஜூன் 10. அக்டோபர் 6-இல் டெல்டாவில் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் காலம். ஜூன் 10 என்றால் மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முந்தைய நாட்கள், ஆற்றுப் பாசன வயல் காய்ந்து கிடக்கும். நீர் தேங்கி ஆக்சிஜன் இல்லாத மண்ணில்தான் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற வகை நுண்ணுயிர்கள் கொழிக்கும். தேதி மாறிவிட்டால், பின்னால் இந்தத் தரவைப் பயன்படுத்துகிறவர் 'காய்ந்த மண்ணில் இத்தனை மீத்தேன் ஆர்க்கியாவா' என்று ஒரு புதிய கண்டுபிடிப்பே செய்துவிடுவார். 2023-10-06 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் மட்டும் எழுதுங்கள். இதில் குழப்பத்துக்கு இடமே கிடையாது.

இடக்குறிப்பில் வரும் பிழை இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. 10 பாகை 47 கலை 15 விகலை என்பதைத் தசமத்தில் எழுதினால் 10.7875. அவசரத்தில் 10.4715 என்று தட்டிவிடுவார்கள். அந்த வயல் சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். அங்கேயும் நிலம்தான் இருக்கிறது, படிவம் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அதனால் போன் செயலியில் தசமப் பாகை அமைப்பை முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். உயரத்துக்கு மட்டும் போன் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், வரைபடத் தரவிலிருந்து எடுப்பது மேல்.

ஆழத்தை மிக்ஸ் மீட்டரில் கேட்கிறது. நாம் பழக்கத்தில் '15' என்று சென்டிமீட்டரில் எழுதுவோம். அது அப்படியே ஏறினால் பதினைந்து மீட்டர் ஆழத்து மண். 0 முதல் 0.15 மீட்டர் என்று எழுத வேண்டும்.

சூழலுக்கான மூன்று சொற்களை என்வோ என்ற கலைச்சொல் தொகுப்பிலிருந்து அதன் எண்ணோடு எடுக்க வேண்டும். பெரிய அளவில் பயிர்நிலம், கிட்டத்தில் நெல் வயல், கையில் எடுத்த பொருள் மண். மண்ணுக்கான எண் என்வோ:00001998. ஒரு குழு 'ஈரநிலம்' என்றும் இன்னொன்று 'பயிர்நிலம்' என்றும் எடுத்தால் தேடுகிறவர் கையில் உங்கள் மாதிரிகளில் பாதிதான் சிக்கும். எது மிகச் சரியான சொல் என்று நாள்கணக்கில் விவாதிப்பதைவிட மூன்று பேரும் ஒரே சொல்லை எடுப்பது முக்கியம் என்பது என் கருத்து. ஊர்ப் பெயரும் அப்படியே. தஞ்சாவூரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். ஒன்றை முடிவு செய்து, தட்டாமல் பட்டியலிலிருந்து தேர்வு செய்யும்படி எக்செல்லை அமைத்துவிடுங்கள்.

கட்டாயக் கட்டங்களோடு நின்றுவிடாதீர்கள். நெல் வயலுக்கு அவை போதாது. அமில–கார நிலை, அதை அளந்த முறை, வயலில் நின்ற நீரின் உயரம், நடவு செய்து எத்தனை நாள், கடைசி உரம் என்ன, எப்போது, மண்ணை எடுத்ததிலிருந்து ஃப்ரீசருக்குப் போக ஆன நேரம் ஆகியவற்றையும் மூன்று குழுவும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளந்த முறையை ஏன் கேட்கிறேன் என்றால், நம் மண் பரிசோதனைக் கூடங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளப்பது வழக்கம். கால்சியம் குளோரைடு கரைசலில் அளக்கிற ஆய்வகத்தில் அதே மண் பொதுவாகக் குறைவான எண்ணைக் காட்டும். மண் பாக்டீரியாக் கூட்டம் அமில–கார நிலையைப் பொறுத்துப் பெரிதாக மாறும் என்பதால் இந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்ய முடியாது.

தழைச்சத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. மண்வள அட்டையில் வருவது பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்து, எக்டேருக்குக் கிலோ கணக்கில். மிக்ஸ் தொகுப்பில் இருப்பது மொத்தத் தழைச்சத்து. இரண்டும் வேறு வேறு அளவுகள், எந்தப் பெருக்கலும் ஒன்றை மற்றொன்றாக்காது. மண்வள அட்டை எண்ணை மொத்தத் தழைச்சத்துக் கட்டத்தில் போடாமல், தனியாக ஒரு கட்டம் திறந்து அலகோடு எழுதுங்கள். கூடுதல் கட்டங்களைக் களஞ்சியங்கள் அனுமதிக்கின்றன.

அளக்காத ஒன்றை என்ன செய்வது? காலியாக விடக் கூடாது. பூஜ்யம் போடவே கூடாது. பூஜ்யம் என்பதும் ஓர் அளவு. 'சேகரிக்கப்படவில்லை', 'பொருந்தாது', 'அணுகல் கட்டுப்படுத்தப்பட்டது' என்று பொருள்படும் நிலையான சொற்களைக் களஞ்சியங்களே கொடுத்திருக்கின்றன. இடத்துக்கேற்ற சொல்லைப் போடுங்கள்.

அப்புறம் எக்செல். மாதிரிக்கு எம்ஏஆர்1 என்று பெயர் வைத்தால் அது மார்ச் 1 ஆகிவிடும். 1இ5 என்று வைத்தால் ஒரு லட்சம் ஆகிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020-இல் சில மனித ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டத் தொடங்கும் முன் எல்லா நிரல்களையும் டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். மாதிரியின் பெயரில் ஊர், பருவம், ஆழம் என்று எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம். திட்டம் முழுவதற்கும் ஒரே தொடர் எண் போதும், மற்றவை நிரல்களில் இருக்கட்டும்.

இவ்வளவும் வயல் பக்கம். ஆய்வகப் பக்கத்தில் முக்கியமான இரண்டு, டிஎன்ஏ பிரித்த முறையும் பிரைமரும் (ஜீனின் எந்தப் பகுதியைப் படிப்பது என்று தீர்மானிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு). 2017-இல் ஒரே மல மாதிரிகளை 21 டிஎன்ஏ பிரிப்பு முறைகளில் செய்து பார்த்து ஒப்பிட்டார்கள், பிரிப்பு முறை முடிவை வெகுவாக மாற்றியது. தடித்த சுவர் கொண்ட பாக்டீரியாக்கள் சிறு மணிகளோடு சேர்த்துக் குலுக்கி நன்றாக இடிக்காவிட்டால் உடையாது, எண்ணிக்கையில் குறைந்து தெரியும். மண்ணுக்கும் இது பொருந்தும். ஆகவே டிஎன்ஏ பிரிக்க வாங்கிய கிட்டின் பெயர், மணி இடிப்பு எத்தனை நிமிடம், பிரைமரின் முழு வரிசை எல்லாவற்றையும் எழுதுங்கள். மண் போடாத வெற்று மாதிரி ஒன்றையும் ஒவ்வொரு தொகுதியோடும் ஓட்டுங்கள். கிட்டின் ரசாயனங்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ இருக்கும் என்று 2014-இலேயே காட்டிவிட்டார்கள். அந்த வெற்று மாதிரிக்கும் தனிப் பதிவு எண் வாங்கி, தரவைச் சேர்த்தே ஏற்றுங்கள்.

எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு எர்த் மைக்ரோபயோம் திட்டம் நல்ல சாட்சி. 97 ஆய்வுகளிலிருந்து வந்த 27,751 மாதிரிகளை ஒரே ஆய்வில் சேர்த்து 2017-இல் வெளியிட்டார்கள். ஒரே பிரைமர், ஒரே மெட்டாடேட்டா (மாதிரி பற்றிய விவரங்கள்) அமைப்பு என்று முதலிலேயே கறாராக இருந்ததால்தான் அது முடிந்தது.

சரி, பழைய தரவுக்கு வருகிறேன். அதைப் புதிய தரத்துக்கு 'மாற்ற' முயல வேண்டாம். வயல் நோட்டு, போன் புகைப்படங்களின் தேதி, விவசாயியிடம் கேட்டுத் தெரிந்தது என்று ஆதாரம் உள்ளதை மட்டும் நிரப்பி, மிச்சத்துக்கு 'சேகரிக்கப்படவில்லை' என்று போடுங்கள். ஊகித்து நிரப்பிய ஒரு கட்டம் காலியான பத்துக் கட்டங்களைவிட ஆபத்தானது, ஊகம் எது, அளவு எது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. எந்தக் குழு, எந்தத் தொகுதி என்று ஒரு நிரலும் சேருங்கள்.

அவர்கள் 16எஸ் ஜீனில் வி3–வி4 பகுதியும் நீங்கள் வி4 மட்டும் எடுப்பதாகவும் இருந்தால் வரிசைகளை அப்படியே ஒப்பிட முடியாது. அவர்களுடைய இணைத்த வரிசைகளைப் பொதுவான வி4 பகுதிக்கு வெட்டிப் பார்க்கலாம். அதைவிட நல்ல வழி, அவர்களிடம் உறைந்த மண் மிச்சம் இருந்தால் சிலவற்றை உங்கள் முறையில் மறுபடி ஓட்டுவது. எவ்வளவு வித்தியாசம் முறையால் வருகிறது, எவ்வளவு வயலால் வருகிறது என்று அதில் தெரிந்துவிடும். வரிசைகளுக்கு நுண்ணுயிர்ப் பெயரிடும்போது எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு என்பதையும் குறியுங்கள். பழைய குழுவின் அட்டவணையில் ஃபர்மிக்யூட்ஸ் என்று இருக்கும் பாக்டீரியாப் பிரிவு உங்கள் அட்டவணையில் பேசிலோட்டா என்று வரலாம். 2021-இல் பெயர் மாறியது. இரண்டு தரவையும் ஒரே பதிப்பில் மறுபடி ஓட்டிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

எங்கே ஏற்றுவது? என்சிபிஐ, ஈஎன்ஏ, ஜப்பானின் டிடிபிஜே மூன்றும் தரவைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன, ஒன்றில் போட்டால் போதும். ஆனால் இந்திய அரசின் நிதியில் நடக்கும் ஆய்வு என்றால் ஃபரிதாபாத்தில் 2022-இல் தொடங்கிய இந்திய உயிரியல் தரவு மையத்தில் போட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். நிதி அனுமதிக் கடிதத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

விவசாயிகள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர் துல்லியம், அது யாருடைய வயல் என்று ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். உர அளவு, மகசூல் எல்லாம் அதோடு சேர்த்துப் பொதுவில் வருவதை அவர்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். தயங்கினால் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தி, அப்படிச் செய்ததைக் குறிப்பில் எழுதுங்கள்.

இனி நடைமுறை. மூன்று குழுவும் ஒருநாள் உட்கார்ந்து ஒரே எக்செல்லை முடிவு செய்யுங்கள். நிரல் பெயர், அலகு, அனுமதித்த சொற்கள் மூன்றையும் விளக்கும் ஒரு பக்கம் அதிலேயே இருக்கட்டும். திருத்தும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். பிறகு கற்பனையாக ஐந்து மாதிரிகளை நிரப்பி ஈஎன்ஏவின் சோதனைத் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அங்கே போடுவது பொதுவில் வராது, மறுநாளே அழிந்துவிடும். எந்தக் கட்டம் இடிக்கிறது என்று அப்போதே தெரிந்தால், அதை வயல் நோட்டின் அச்சுப் படிவத்திலேயே சரிசெய்துகொண்டு சம்பாவுக்குப் போகலாம்.