பொங்குவது எங்கள் ஆறு, எக்ஸ்கவேட்டர் போவது வேறு ஆற்றுக்கு: அரசு எப்படி முடிவு செய்கிறது?

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதி) குடியிருக்கும் ஒருவர் கேட்கிறார்: எங்கள் ஆறுதான் அடிக்கடி பொங்குகிறது, பக்கத்து ஆற்றை மட்டும் ஏன் முதலில் ஆழப்படுத்துகிறார்கள்? எது அதிகம் பொங்குகிறது என்பதை மட்டும் வைத்து யாரும் வரிசை போடுவதில்லை. அந்தத் தண்ணீர் யார் பொறுப்பு என்பதுதான் முதலில் பார்க்கப்படும். அரசியலமைப்புப்படி ஆறு மாநிலத்தின் கையில். பெரிய வேலைக்கான பணமோ பெரும்பாலும் கூட்டரசிடமிருந்து, ஐந்தாண்டு மலேசியத் திட்டம் வழியாக வருகிறது. ஆறும் பெரிய வடிகாலும் ஜேபிஎஸ் (நீர்ப்பாசன வடிகால் துறை) பொறுப்பு, தாமான் லோங்கான் (சாக்கடை) நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு, தோட்டத்துக்குள் ஓடும் பாரிட் (வாய்க்கால்) தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. தோட்டத்தைத் துண்டு போட்டுத் தாமான் கட்டும்போது பழைய பாரிட்டை யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டுவிடுவதுண்டு. அப்புறம் அது எந்தப் பட்டியலிலும் ஏறாது. நில அலுவலகத்தில் பெலான் (நில வரைபடம்) வாங்கிப் பார்த்து இதை முதலில் உறுதி செய்யுங்கள்.

அடுத்தது சேதக் கணக்கு. 40 வீடுகளில் வீட்டுக்கு 5,000 ரிங்கிட் சேதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 லட்சம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்தால் ஆண்டுச் சராசரி 1 லட்சம். இன்னொரு இடத்தில் 15 லட்சம் சேதம், ஆனால் 50 வருடத்துக்கு ஒரு முறைதான். ஆண்டுச் சராசரி வெறும் 30,000. படத்தில் பயங்கரமாகத் தெரியும் வெள்ளம் காகிதத்தில் பின்னுக்குப் போவது இப்படித்தான். இப்படித் தவிர்க்கக்கூடிய சேதத்தை வேலைச் செலவோடு வைத்துப் பார்ப்பார்கள். அரசியல் அழுத்தமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கே இல்லாத ஆற்றுக்கு அழுத்தம் கொடுத்தும் பயன் குறைவு.

ஆற்றை ஆழப்படுத்தும் வேலை எப்போதும் கீழிருந்து, அதாவது முகத்துவாரப் பக்கத்திலிருந்து, மேலே போகவேண்டும். மேலே முதலில் ஆழப்படுத்தினால் தண்ணீர் வேகமாக வந்து கீழ்க் கம்பத்தில் ஏறும். பக்கத்து ஆற்றை முதலில் எடுத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உங்கள் ஆறு அதில்தான் சேர்கிறதா என்று பாருங்கள். நம் பகுதி தட்டை. சரிவு 5,000க்கு 1 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர்தான் இறக்கம். கடல் ஏற்றத்தில் பிந்து ஆயர் (கடல்நீரைத் தடுக்கும் மதகு) மூடியிருக்கும் நேரம் முழுக்க மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கும். அதனால் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் படுகையை எவ்வளவு தோண்டினாலும் ஏற்ற மட்டம் இறங்காது, தோண்டிய குழியும் மறுபடி சேறாகும். அந்த இடத்தில் மதகை அகலப்படுத்துவதோ பம்பு வைப்பதோதான் வழி. நிலத்தை அளவுக்கு மீறி வற்றவைப்பதும் ஆபத்து: கம்புட் (மக்கிய தாவரச் சதுப்பு) மண் அமிழும், கரையோரக் களிமண்ணில் உள்ள பைரைட் என்ற கந்தகக் கனிமம் காற்றுப்பட்டு அமிலமாகிச் செம்பனை வேரைக் கெடுக்கும்.

பல திட்டங்கள் படுத்துவிடுவது ஆற்று ரிசர்வில், அதாவது ஆற்றுக்கென்று கரையோரம் ஒதுக்கிய நிலத்தில். ஜேபிஎஸ் வழிகாட்டியில் 10 முதல் 20 மீட்டர் அகல ஆற்றுக்குக் கரை ஒவ்வொன்றிலும் 20 மீட்டர், 20 முதல் 40 மீட்டர் ஆற்றுக்கு 40 மீட்டர். அங்கே கடை, கோயில், மாட்டுக் கொட்டகை நின்றால் எக்ஸ்கவேட்டர் நடக்க இடமில்லை, அள்ளிய சேற்றைக் கொட்டவும் வழியில்லை. தனியார் நிலம் எடுக்க 1960 நிலக் கையகச் சட்டப்படி போகவேண்டும். அதற்குள் பக்கத்து ஆறு தயாராக இருந்தால் பணம் அங்கே போய்விடும்.

ஆகவே புகாரில் "வெள்ளம் வருகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். சுவரில் தண்ணீர் நின்ற உயரம் சென்டிமீட்டரில், தேதி, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கியது, அன்றைய கடல் ஏற்ற நேரம், பாதித்த வீடுகளின் எண்ணிக்கை, சேதத் தொகை, பிந்து ஆயரின் படம், இவை எல்லாம் வேண்டும். ஜேபிஎஸ்ஸின் வெள்ளத் தகவல் இணையத்தளமான இன்ஃபோ பஞ்சிரில் பக்கத்து நிலையத்தின் அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்து, மாவட்ட ஜேபிஎஸ்ஸுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு நகல் சட்டமன்ற உறுப்பினருக்கு. மதகுக் கதவில் மரக்கட்டை சிக்கி மூடாமல் கிடந்தால் அதைத் தனிப் புகாராகப் போடுங்கள். அது பராமரிப்பு வேலை, மலேசியத் திட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.