வாய்வார்த்தையாக ஒரு விலை சொல்லிவிட்டேன், இப்போது அந்த விலைக்குச் செய்தால் நஷ்டம். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் வேண்டுமா?

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் ஏதோ கான்ட்ராக்ட் தொழிலில்தான் இருக்கிறீர்கள். எழுதிக் கையெழுத்துப் போடவில்லையே, நழுவிவிடலாமா என்பதுதானே உள்ளே ஓடுகிறது? நழுவலாம். இதற்கெல்லாம் யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள்.

நான் மேற்கு மாம்பலத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். 2019 ஆவணியில் ஒரு பெண்ணின் அப்பா வந்தார். கார்த்திகையில் முகூர்த்தம், முதல் நாள் மாலை ரிசப்ஷன். இலைக்கு இவ்வளவு என்று பேசி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் வாங்கிக்கொண்டேன். அப்போது கோயம்பேட்டில் பெரிய வெங்காயம் கிலோ 30, 40 ரூபாய்.

அப்புறம் மகாராஷ்டிரத்தில் அறுவடை நேரத்தில் மழை கொட்டி, வெங்காயம் வயலிலேயே அழுகியது. செப்டம்பர் கடைசியில் மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டும் விலை அடங்கவில்லை. டிசம்பரில் 150 ரூபாயைத் தாண்டியது. "மாம்பலத்து ஐயர் வீட்டுக் கல்யாணத்தில் ஏது வெங்காயம்" என்று கிண்டலுக்கு வருபவர்கள் ரிசப்ஷன் மெனுவைப் பார்த்துவிட்டு வரவும். ஆனியன் ரவா, மசால் தோசை, குருமா, தயிர்ப் பச்சடி.

எகிப்து வெங்காயம் கொஞ்சம் மலிவாக வந்து இறங்கியிருந்தது. மண்டியில் ஒன்றை வாங்கி நறுக்கிப் பார்த்தேன். உள்ளங்கை கொள்ளாத பருமன், கருஞ்சிவப்பு, ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. "அண்ணே, பச்சடில பாதி முட்டைகோஸ் கலந்துடலாம், தயிர் மூடிடும், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் எங்கள் மாஸ்டர். என்னைக் கேட்டால், விலையை மட்டும் காப்பாற்றிவிட்டுச் சரக்கில் கைவைத்தால் அது திருட்டுக் கணக்குத்தான். இலைக்கு விலை பேசும்போதே இலையில் என்ன விழும் என்பதையும் சேர்த்துத்தானே பேசுகிறோம்? நல்ல வெங்காயமாகவே கடன் சொல்லி எடுத்தேன். கையை நன்றாகவே கடித்தது.

பெண்ணின் அப்பாவிடம் கூடுதலாகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பத்திரிகை கொடுத்து முடித்து, மண்டபத்துக்கு முழுப் பணமும் கட்டிவிட்ட மனுஷனிடம் கடைசி நேரத்தில் போய் நின்றால் அதற்குப் பெயர் மிரட்டல். நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. வேறு ஆளைத் தேடிக்கொள்ள அவருக்கு ஒரு மாதமாவது இருந்திருந்தால் கூசாமல் கேட்டிருப்பேன். உங்கள் விஷயத்திலும் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்: உங்களை நம்பி அவர் மற்ற வழிகளை அடைத்துவிட்டாரா, இல்லையா? அடைக்கவில்லை என்றால் இன்றைக்கே போன் போட்டுப் பேசுங்கள்.

அவர் நன்றி சொன்னாரா என்று கேட்காதீர்கள். கடைசிப் பந்தி முடிந்ததும் இலைக்கணக்கில் சண்டைக்கு வந்தார். வேன் டிரைவர்களுக்கும் நாதஸ்வர கோஷ்டிக்கும் போட்ட இலைகளைச் சேர்க்கக்கூடாதாம்.

அவராவது பரவாயில்லை. இந்த மண்டபக்காரர்களை யார் கேட்பது? வெளிச் சமையல்காரன் உள்ளே நுழைய ஒரு கட்டணம், பாத்திரம் கழுவும் இடத்துக்கு ஒரு கட்டணம். புக்கிங் போது "தண்ணீர் எங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, முகூர்த்தத்தன்று விடியற்காலையில் லாரித் தண்ணீருக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டவன் எங்கே போவான் என்று தெரிந்துதானே கேட்கிறார்கள்?