பையில் கடலை உருண்டை மட்டும் வேண்டாம்

காங்கேயத்திலிருந்து இங்கிலாந்து வந்து மூன்று மாதம் ஆன அம்மிணி ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்து சர்ச்சில் கோடை விடுமுறைக்குக் குழந்தைகளுக்கு ஹாலிடே கிளப் நடத்துகிறார்களாம், உதவிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். போகலாமா, மதம் மாற்றிவிடுவார்களா, விசாவுக்கு வம்பு வருமா, நாளைக்கு வேலை தேட உதவுமா? "நீங்கள் போவீர்களாமே, சொல்லுங்கக்கா."

போகிறேன் அம்மிணி, 2009லிருந்து. முதல் வருடம் அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அதைத்தான் சொல்லப்போகிறேன், மற்றதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

வீட்டுக்காரர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருந்து, நீங்கள் அவரைச் சார்ந்து வந்த டிபென்டென்ட் என்றால் சம்பளத்துக்கே வேலைக்குப் போகலாம், சும்மா போவதற்கென்ன? வேலை தேடும்போது ரெஃபரன்ஸ் கொடுக்க ஒரு ஆள் கிடைப்பார், அவ்வளவுதான். மதம்? பாட்டு இருக்கும், பைபிள் கதை இருக்கும், ஜெபம் இருக்கும். சர்ச் நடத்துவது, பின்னே முருகன் பாட்டா பாடுவார்கள்? அவர்கள் ஜெபிக்கும்போது நான் கண்ணை மூடிப் பாரியூர் கொண்டத்துக் காளியம்மனை நினைத்துக்கொள்வேன். இத்தனை வருடத்தில் ஒருத்தரும் என்னைப் பிடித்துத் தண்ணீரில் முக்கி எடுக்கவில்லை. மதம் மாற்றுகிறார்கள் என்று உங்களைப் பயமுறுத்துகிற நம்மாட்களில் சிலர், பிள்ளைக்கு சர்ச் ஸ்கூலில் இடம் வாங்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இடம் கிடைத்த அடுத்த வாரம் ஆளைக் காணோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் டிபிஎஸ் என்று, நம் மேல் குற்றப் பதிவு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு சரிபார்ப்பு. நான் வந்தபோது அதற்கு சிஆர்பி என்று பேர், 2012லிருந்துதான் டிபிஎஸ். சம்பளமில்லாமல் உதவப் போகிறவர்களுக்கு அதற்கு அரசாங்கக் கட்டணம் கிடையாது. கடைசி ஐந்து வருடம் எங்கெங்கே குடியிருந்தீர்கள் என்று இடைவெளி விடாமல் எழுத வேண்டும். நான் இருந்ததோ கோபி பக்கம் தோட்டத்துச் சாளையில். "கதவு எண்?" என்று கேட்டாள் படிவம் வாங்கிய பெண். எங்கள் தோட்டத்துக்குக் கதவே கிடையாது, கடவுதான். அதை எந்த இங்கிலீஷில் சொல்வது?

காகிதத்தை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். மாட்டிக்கொள்வது நம் கைதான். ஊரில் ஒரு குழந்தை விழுந்து அழுதால் யார் வீட்டுப் பிள்ளை என்றா கேட்போம்? தூக்கி இடுப்பில் வைத்து, முந்தானையால் மூக்கைத் துடைத்து, "ஒண்ணுமில்ல சாமி" என்று ஒரு வாய் ஊட்டியும் விடுவோம். இங்கே அதில் ஒன்றும் கூடாது. பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து பேசலாம். பிள்ளையோடு நீங்கள் மட்டும் ஒரு அறையில் இருக்கக் கூடாது. பாத்ரூமுக்குத் தனியாகக் கூட்டிப்போகக் கூடாது. ஏதாவது ரகசியம் சொல்ல வந்தால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யக் கூடாது. சேஃப்கார்டிங், அதாவது பிள்ளைகளின் பாதுகாப்பு, பார்க்கிறவர் ஒருவர் இருப்பார், அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவதைக் கனவிலும் நினைக்காதீர்கள். நம்மூர்ப் பெண் ஒருவர் இரண்டே நாள் வந்தார், செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார், மூன்றாம் நாள் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் அதை நிறவெறி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நிறவெறி எது என்று எனக்குத் தெரியும் அம்மிணி, அனுபவித்திருக்கிறேன். இது அதில்லை.

இப்போது என் கதை. அந்த முதல் கோடையில் ஆறு வயதுப் பையன் ஒருவன் வருவான். பத்தரை மணிக்கு ஆரஞ்சு ஸ்குவாஷும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். அவன் இரண்டு தின்றுவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, இரண்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. என் கைப்பையில் அம்மா கொடுத்துவிட்ட கடலை உருண்டை இருந்தது. ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் வாயருகே கொண்டுபோவதற்குள், பதினெட்டு வயதுகூட இருக்காது, உதவிக்கு வந்த ஒரு பெண் ஓடிவந்து பறித்துக்கொண்டாள்.

பையனுக்கு ஒன்றும் இல்லை. அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த சிறுமிக்குத்தான் வேர்க்கடலை அலர்ஜி. அலர்ஜி வந்தால் அவளுக்குப் போடுகிற ஊசி சமையலறைக் கதவில் மஞ்சள் பையில் தொங்கியது. தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன், என்ன பை என்று கேட்கத் தோன்றவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் கை கழுவ வைத்தார்கள், மேசையை இரண்டு தடவை துடைத்தார்கள். நடத்துகிற அம்மா என்னைத் திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்து மெதுவாக விளக்கினார். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

மறுநாள் போக வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். போனேன். மேசை துடைக்க விட்டார்கள். அந்த வாரம் முழுக்க மேசைதான் துடைத்தேன். இப்போது வாசலில் பதிவேடு என் கையில்தான் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர் பேர் அதில் இல்லையென்றால், சொந்தத் தாத்தாவே ஆனாலும் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்காமல் அனுப்பமாட்டேன்.

அந்தப் பையன் பிஸ்கட்டை எதற்கு ஒளித்தான் என்று பிறகுதான் புரிந்தது. கோடையில் ஆறு வாரம் பள்ளிக்கூடம் மூடினால் இலவச மதியச் சாப்பாடும் மூடிவிடும். 2020இல் ஃபுட்பால்காரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு சத்தம் போட்டபின் இந்த நாட்டுக்கே உறைத்தது. 2021லிருந்து இங்கிலாந்து முழுவதும் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு லீவில் விளையாட்டோடு சாப்பாட்டுக்கும் அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது. பவுண்டு தேசத்தில் பசியா என்று ஊரில் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்பமாட்டார்கள்.

எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவு கொண்டுவந்தார். அதற்குக் கொஞ்ச வருடம் கழித்து நான் பள்ளிக்கூடத்தில். தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் தூக்குப்போசியில் தயிர்சோறு கொண்டுபோய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்போம். தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துச் சிரிப்போம். என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளும் அந்த வரிசையில்தான் நிற்பாள். முட்டை போடுகிற நாளில் பாதியைக் காகிதத்தில் மடித்துத் தம்பிக்கு எடுத்துப்போவாள். அவளைப் பல வருடமாக நினைத்ததே இல்லை, இந்த ஊர்ப் பையன்தான் ஞாபகப்படுத்தினான்.

அப்புறம், என்ன விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பது என்று கவலைப்படாதீர்கள். போன கோடையில் பன்னிரண்டு குழி முட்டைப் பெட்டியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கூடுதலாக ஒட்டிப் பல்லாங்குழி செய்தேன். புளியங்கொட்டைக்குப் பதில் சட்டைப் பொத்தான். ஆளாளுக்கு அடித்துக்கொண்டு ஆடினார்கள். அதற்கு முந்தைய நாள் இரவு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகள் வாயில் பொத்தான் போய்விடாமல் என்ன செய்வேன் என்று ஒரு பக்கத்துக்குப் படிவம் எழுதிக் கொடுத்திருந்தேன்.