ஆடிக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கும் தங்கைக்கு, சிங்கப்பூரிலிருந்து

அன்புத் தங்கைக்கு,

திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன என்றும், கணவர் கைநீட்டுகிறார் என்றும், ஆடி மாதத்துக்காக நீடாமங்கலத்தில் தாய்வீட்டில் இருக்கும் இந்த நாள்களில் திரும்பிப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வெளியே சொன்னால் டிபெண்டண்ட் பாஸ் (கணவரைச் சார்ந்து சிங்கப்பூரில் தங்க மனைவிக்குக் கிடைக்கும் அனுமதி) ரத்தாகிவிடுமா, சிங்கப்பூரில் தமிழில் பேசி உதவி பெற இடம் இருக்கிறதா, இரு வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசலாம் என்று அப்பா சொல்வது சரிதானா என மூன்றும் கேட்டிருந்தீர்கள். நான் வடுவூரில் பிறந்து, திருமணத்துக்குப் பின் சிங்கப்பூருக்கு வந்து, இங்கேயே நிலைத்துவிட்டவள். வழக்கறிஞர் அல்லேன், குடும்பச் சேவை நிலையம் ஒன்றில் தொண்டூழியராக இருந்து, நீதிமன்றத்துக்குச் செல்லும் பெண்களுக்குத் துணையாகப் போய்வரும் பழக்கத்தில் எழுதுகிறேன்.

பாஸைப் பற்றிய அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் பெரும்பாலான பெண்களின் வாயை அடைத்து வைத்திருப்பது அதுதான். உங்கள் பாஸ் கணவருடைய வேலை பாஸைச் சார்ந்தது. அதை அவருடைய நிறுவனமே விண்ணப்பித்துப் பெற்றுத் தருகிறது. அவருடைய வேலை பாஸ் முடிந்தால் உங்களுடையதும் முடிந்துவிடும். அவர் நினைத்தால் நிறுவனத்திடம் சொல்லி உங்கள் பாஸை ரத்துசெய்ய வைக்கவும் வழி உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் நீங்கள் உதவி கேட்டதற்காகவோ நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பித்ததற்காகவோ உங்கள் பாஸ் தானாக ரத்தாவதில்லை. பாதுகாப்பு ஆணை கேட்பதற்குக் குடியுரிமையும் தேவையில்லை, நிரந்தரவாசத் தகுதியும் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) நிலையான சம்பளம் பெறுபவருக்குத்தான் மனைவியை டிபெண்டண்ட் பாஸில் அழைத்துவர அனுமதி உண்டு. ஆகவே இந்தப் பாஸில் வந்து உதவி கேட்கும் பெண்களின் கணவர்கள் நல்ல வேலையில் இருப்பவர்கள்தாம். "இது குடித்துவிட்டு வருபவர்கள் வீட்டில் நடப்பது, படித்த மாப்பிள்ளை அப்படிச் செய்வாரா" என்று உங்கள் பெரியம்மா கேட்பதாக எழுதியிருந்தீர்களே, அதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. அதே பாஸில் இருக்கும் நீங்கள் வேலைக்குப் போக வேண்டுமானால், 2021 மே மாதத்திலிருந்து, உங்கள் பெயரில் தனி வேலை அனுமதி பெற்றாக வேண்டும். கையில் காசில்லாமல் வீட்டோடு இருப்பதற்கு உங்கள் சோம்பல் காரணமன்று. விதி அப்படி அமைந்திருக்கிறது.

சிங்கப்பூரில் குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் என்னும் சட்டத்தில் உள்ளது. 2023இல் நிறைவேறிய திருத்தங்கள் 2025 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன; அவற்றின்படி அடிப்பது, பாலியல் துன்புறுத்தல் ஆகியவற்றோடு, உணர்வு வழியாகவும் மன வழியாகவும் வதைப்பதும் குடும்ப வன்முறையென்று சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. கைப்பேசியைப் பிடுங்கிப் பார்ப்பது, அம்மாவிடம் பேசவிடாமல் தடுப்பது, கடைக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்குக் கேட்பது என்று நீங்கள் அடுக்கியவற்றை எல்லாம், அடியில்லாத நாள்களின் சின்ன விஷயங்கள் என்று ஒதுக்கிவிடாமல், சமூக ஊழியரிடம் அப்படியே சொல்லுங்கள்.

நீதிமன்றம் தரக்கூடியது தனிநபர் பாதுகாப்பு ஆணை. உங்களுக்கு எதிராக வன்முறையில் ஈடுபடக் கூடாது என்று கணவரை அது கட்டுப்படுத்துகிறது. ஆபத்து உடனடியாக இருக்கிறதென்று நீதிமன்றம் கருதினால் வழக்கு முடியும்வரை காத்திராமல் விரைவு ஆணை பிறப்பிக்கும். தேவைப்பட்டால் வீட்டிலோ வீட்டின் ஒரு பகுதியிலோ அவர் நுழையக் கூடாதென்றும், ஆலோசனை வகுப்புக்குச் செல்ல வேண்டுமென்றும் உத்தரவிடும். இவை எல்லாம் உரிமையியல் ஆணைகள். ஆணை பிறப்பிக்கப்படுவதாலேயே அவர் பெயரில் குற்றப்பதிவு ஏறுவதில்லை. ஆணையை மீறினால்தான் அது குற்றமாகிறது. கணவருடைய வேலையை நாமே கெடுத்துவிடுவோமோ என்று தயங்கி நின்ற பெண்கள் பலர் இந்த ஒரு செய்தியைக் கேட்ட பிறகுதான் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார்கள். அடித்துக் காயப்படுத்துவது தண்டனைச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம் என்பது வேறு. அது காவல்துறையின் பக்கம்.

உதவி கேட்கும் இடங்களில் முதலில் நினைவில் வைக்க வேண்டியது வன்முறைக்கு எதிரான 1800 777 0000 என்ற தேசிய உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. வெளிநாட்டிலிருந்து இத்தகைய 1800 எண்கள் பொதுவாக இணைவதில்லை என்பதால் நீடாமங்கலத்திலிருந்து முயன்று பார்த்து மனம் தளர வேண்டாம். அடி விழும் நேரத்தில் அழைக்க வேண்டியது 999. 2025 ஏப்ரல் முதல், அவசர நிலையில் காவல்துறையோடு சேர்ந்து சமுதாய குடும்ப மேம்பாட்டு அமைச்சின் தனிக் குழுவும் வருகிறது. அவசரமில்லாத நாளில், நீங்கள் குடியிருக்கும் வட்டாரத்தின் குடும்பச் சேவை நிலையத்துக்கு நேரில் போகலாம். குடும்ப வன்முறைக்கென்றே 1999 முதல் இயங்கிவரும் பேவ் போன்ற சிறப்பு நிலையங்களும் உண்டு. நீதிமன்றத்துக்கு அலையாமல் அங்கிருந்தே காணொளி வழியாகப் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்க முடியும். முகவரி வெளியிடப்படாத நெருக்கடிக் காப்பகங்களில் சேர்ப்பதும் இவர்கள் மதிப்பிட்டு ஏற்பாடு செய்வதுதான். இந்திய சமூகத்துக்கான சிண்டாவைப் பலர் சொல்வார்கள். அதன் உதவி பெரும்பாலும் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் கருதி அமைந்தது என்பதால் உங்களுக்கு அதை முதல் வாசலாகச் சொல்லமாட்டேன்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழ் இங்கே அரசு மொழி; நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். தமிழ் பேசும் சமூக ஊழியர்களும் இருக்கிறார்கள், தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மொழிபெயர்க்கக் கணவரின் நண்பரையோ, அடுத்த புளோக்கில் இருக்கும் ஊர்க்கார அக்காவையோ அழைத்துச் செல்லாதீர்கள். சிராங்கூன் சாலைக் கோயிலில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவருக்குத் தெரிந்த செய்தி, நீங்கள் வீடு திரும்புவதற்குள் கும்பகோணத்தில் உங்கள் மாமியார் காதுக்குப் போய்விடும்.

இப்போது அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். பெரியவர்கள் பேசுவதை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் உட்காரப் போகும் நான்கு பேரில் எவராவது, நீங்கள் திருச்சியில் விமானம் ஏறிய பிறகு நடப்பதைத் தட்டிக்கேட்கக் கூடியவரா என்று அப்பாவிடம் கேளுங்கள். நான் அறிந்தவரை, "இனிமேல் நடக்காது" என்ற ஒரு வாக்குறுதியோடு இப்பேச்சுகள் முடிந்துவிடுகின்றன. காப்பி குடித்துவிட்டு எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். பேசித்தான் ஆக வேண்டுமென்றால், நீங்கள் நீடாமங்கலத்தில் இருக்கும்போதே பேசுங்கள், நீங்கள் உடன் இருக்கும்போது பேசுங்கள், சரிபார்க்கக்கூடியவற்றைக் கேளுங்கள்: பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், வீட்டுச் சாவி ஒன்று வேண்டும், அம்மாவிடம் தனியாகப் பேசத் தடை இருக்கக் கூடாது. இவற்றுக்கே ஒப்புக்கொள்ளாதவரின் வாக்குறுதியை எதைக் கொண்டு நம்புவது?

அந்தப் பேச்சு நடந்தாலும் நடக்காவிட்டாலும், நீங்கள் ஊரில் இருக்கும் நாள்களில் சட்டப்படி செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்பா பேசத் தொடங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். அதற்குத் தாய்வீடு போதும். திருவாரூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சமூகநலத் துறையின்கீழ் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் சொன்னால் நிகழ்வு அறிக்கையைப் பதிவுசெய்வார். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசினால் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். மருத்துவம், சட்டம், ஆலோசனை, சில நாள் தங்கல் எல்லாம் அங்கே ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. வழக்கறிஞருக்குச் செலவாகுமே என்று அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை; 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பி வைக்கவே பார்ப்பார்கள். போவதில் தவறில்லை, மனு ரசீது வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள். நாற்றங்கால் வேலை நடக்கும் நேரம், அப்பாவுக்கு ஓய்வில்லை என்று இதையெல்லாம் ஆவணிக்குத் தள்ளவும் வேண்டாம். அம்மாவோடு பேருந்தில் ஒரு முற்பகல் திருவாரூர் போய்வந்தால் போதும்.

திரும்பிப் போவதென்று முடிவெடுத்தால், போவதற்கு முன் பாஸ்போர்ட், பாஸ், திருமணப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலையும், காயங்களின் படங்களையும், மருத்துவரிடம் காட்டிய சீட்டுகளையும் அம்மாவிடம் விட்டுச் செல்லுங்கள். சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான மின்னணு அடையாளமாகிய சிங்பாஸின் கடவுச்சொல்லைக் கணவர்தான் அமைத்துக் கொடுத்தாரென்றால் அதை மாற்றுங்கள். கைப்பேசியில் இருப்பிடம் பகிரப்படுகிறதா என்றும் பாருங்கள். சென்ற முதல் வாரத்திலேயே, அவர் வேலைக்குப் போயிருக்கும் பகலில், குடும்பச் சேவை நிலையத்துக்கு ஒருமுறை போய் உங்கள் நிலையைப் பதிவுசெய்துவிடுங்கள். பிரிய வேண்டுமென்று முடிவெடுத்த பிறகுதான் அங்கே போக வேண்டும் என்பதில்லை; சேர்ந்து வாழ்ந்துகொண்டே உதவி பெறுபவர்கள்தாம் அங்கு அதிகம்.

போகப் போவதில்லை என்று முடிவெடுத்தாலும் வழி அடைபடுவதில்லை. சிங்கப்பூரில் மணவிலக்கு கேட்க, இருவரில் ஒருவராவது அந்நாட்டை நிலையான உறைவிடமாகக் கொண்டிருக்க வேண்டும் அல்லது அங்கு 3 ஆண்டுகள் வழக்கமாக வசித்திருக்க வேண்டும். உங்கள் இருவருக்கும் அது பொருந்தாது என்றே தோன்றுகிறது. இந்து திருமணச் சட்டத்தின்படியோ, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். குழந்தை இல்லையென்று எழுதியிருப்பதால் அதைப் பற்றிய சிக்கல்களை விட்டுவிடுகிறேன். நகைகள் மாமியாரிடம் கும்பகோணத்து வங்கி லாக்கரில் இருப்பதாகச் சொன்னீர்கள். சீதனத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட 2005ஆம் ஆண்டுச் சட்டமே நடுவருக்கு அதிகாரம் தருகிறது. கணவர் வெளிநாட்டில் இருப்பதால் அவருக்கு அழைப்பாணை போய்ச் சேரத் தாமதமாகும். ஆகவே மனுவில் மாமியார் பெயரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் பெண் உறவினர்களையும் சேர்க்கத் தடையில்லை. நகை வாங்கிய கடைச் சீட்டுகளும் திருமணப் படங்களும் அப்பாவின் பீரோவில் இருக்கும். அவற்றை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.