கண்மாய்க்கரைக் கணக்கு: பொங்கல் பறவைக் கேள்விகள்

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நெருங்கிவிட்டது. வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைக் கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

முதல் முறை கலந்துகொள்கிறேன். எங்கே பதிவு செய்ய வேண்டும், கட்டணம் உண்டா? (திருமங்கலம்)

கட்டணம் கிடையாது, யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதும் இல்லை. பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்யும் இ-பேர்டு (eBird) செயலியில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவை, குரல் கேட்ட பறவை எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு ஒரு பட்டியலாக ஏற்றுங்கள். 2015 முதல் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் இது நடக்கிறது. கண்மாய்க்குத்தான் போக வேண்டும் என்றில்லை, வீட்டு மொட்டைமாடியும் போதும்.

காகம், மைனா, உண்ணிக்கொக்கு எல்லாம் தினமும் பார்ப்பவைதானே, அவற்றையும் எழுத வேண்டுமா? (உசிலம்பட்டி, பேரையூர், இன்னும் பலர்)

எழுத வேண்டும். வருடா வருடம் இதைச் சொல்கிறேன், வருடா வருடம் காகம் இல்லாத பட்டியல்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

பட்டியலை அனுப்பும் முன் செயலி ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? பெரும்பாலானோர் யோசிக்காமல் 'ஆம்' என்று தட்டிவிடுகிறார்கள். ஆம் என்று சொன்ன பட்டியலில் காகம் இல்லையென்றால், அந்த இடத்தில் அன்று காகமே இல்லை என்றுதான் அர்த்தம். நூறு பட்டியலில் தொண்ணூறில் இருந்த பறவை, பத்து வருடம் கழித்து அறுபதில்தான் இருக்கிறது என்றால் அது குறைகிறது என்று புரிந்துகொள்கிறோம். இந்தக் கணக்கெடுப்பின் உயிரே அதுதான். சலிப்பாக இருக்கிறது என்று நீங்கள் விட்டுவிட்ட மைனா, இல்லாமல் போன மைனாவாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

பனங்காடையை எடுத்துக்கொள்ளுங்கள். கரிசல் காட்டில் மின்கம்பிக்கு ஒன்று என்று உட்கார்ந்திருக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023இல் வெளிவந்த அறிக்கை, சுமார் 30,000 பேரின் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தது. பனங்காடை கவலைப்படும் அளவுக்குக் குறைந்திருப்பது அதில் தெரியவந்தது. மயிலும் குயிலும் பெருகியிருப்பதும் அதே கணக்கில்தான் தெரிந்தது. சாதாரணப் பறவையைச் சலிக்காமல் எழுதி வைத்தவர்களால்தான் இவை நமக்குத் தெரியும்.

நகரத்திலிருந்து இரண்டு காரில் வந்து இறங்கி, ஊசிவால் வாத்தைப் படம் பிடித்து, ஐந்தே ஐந்து 'நல்ல' பறவைகளை ஏற்றிவிட்டுப் போகிற குழுக்களை எனக்குத் தெரியும். அவர்கள் பட்டியலை விடக் கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்தபடியே தவிட்டுக்குருவி ஏழு, கரிச்சான் நான்கு, காகம் இருபது என்று எழுதித் தருகிற பிள்ளையின் பட்டியல் பல மடங்கு மதிப்புள்ளது. அரிய பறவையை மட்டும்தான் எழுதுவேன் என்றால் தாராளமாக எழுதுங்கள், ஆனால் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொல்லுங்கள். அப்புறம், எண்ணிக்கைக்குப் பதிலாக, 'இருந்தது' என்று மட்டும் காட்டுகிற எக்ஸ் குறி போடாதீர்கள். தோராயமான எண்கூட அதைவிட மேல்.

தென்கரைக் கண்மாயில் பெருங்கூட்டமாக இருக்கிறது. எப்படி எண்ணுவது? (சோழவந்தான்)

ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவில் கூட்டம் முழுவதையும் அளந்துகொண்டே போங்கள். மிகப் பெரிய கூட்டத்துக்கு ஐம்பது, நூறு என்று வைத்துக்கொள்ளலாம். பல இனம் கலந்திருந்தால் முதலில் மொத்தம், பிறகு எது எத்தனை பங்கு என்று பிரியுங்கள்.

எண்ண வசதியாக இருக்கும் என்று கைதட்டிக் கிளப்பிவிடாதீர்கள். வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் திரும்பிப் போகும் பயணத்துக்கு உடலில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். வீணாகப் பறக்க வைத்தால் அது கரையும். கரையிலேயே நில்லுங்கள், தண்ணீர் தேங்கும் உள்வாயில் இறங்காதீர்கள்.

நேற்று ஒரு பறவை பார்த்தேன், வால் நீளமாக இருந்தது. என்ன பறவை? (ஊர், பெயர் இல்லை)

தெரியாது, தம்பி. வால் நீண்ட பறவை நம் பக்கத்தில் இருபதுக்கு மேல் உண்டு. எந்த ஊர், எத்தனை மணி, தரையிலா மரத்திலா, எந்தப் பறவை அளவு, அலகு எப்படி என்று எழுதினால்தான் பதில் சொல்ல முடியும்.

எங்கள் வயலில் செங்கால் நாரை நாற்பது பார்த்தேன். செயலியில் படம் கேட்கிறார்கள். என்னை நம்பவில்லையா? (மேலூர்)

வழக்கமாக அங்கே வராத பறவை, அல்லது வழக்கத்தை மீறிய எண்ணிக்கை என்றால் யாரிடமும் கேட்பார்கள். சரிபார்ப்பவர்களும் சம்பளம் இல்லாமல் நேரம் ஒதுக்குகிற தன்னார்வலர்கள்தான். கோபப்படாமல் பதில் அனுப்புங்கள். நாற்பது என்றால் அநேகமாக நத்தைகுத்தி நாரையாக இருக்கும். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். மஞ்சள் அலகும் வால்பக்கம் இளஞ்சிவப்பு இறகும் இருந்தால் சங்குவளை நாரை. செங்கால் நாரைக்கு அலகும் சிவப்பு, காலும் சிவப்பு. மறுபடி போய்ப் பார்த்து எழுதுங்கள்.

பொங்கல் நாட்களில் ஊரே ஜல்லிக்கட்டில் இருக்கும். ஒலிபெருக்கிச் சத்தத்தில் எப்படி எண்ணுவது? (அலங்காநல்லூர்)

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் உங்கள் ஊர். நான்கு நாளும் ஒரே ஊரில் எண்ண வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு வேறு ஊர்க் கண்மாய்க்குப் போங்கள்.

கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்த வருடம் விட்டுவிடலாமா? (கள்ளிக்குடி)

விடாதீர்கள். நீர்ப்பறவை இல்லை என்பதும் பதிவுதான், பட்டியலின் குறிப்பில் 'வறண்டிருக்கிறது' என்று எழுதுங்கள். மழை பெய்த வருடத்தில் மட்டும் போய் எண்ணினால் கண்மாய் எப்போதும் நிறைந்தே இருந்தது போலத் தோன்றும். தவிர, சுற்றியுள்ள கரிசல் நிலத்தில் பூனைப்பருந்து தாழப் பறக்கும், வானம்பாடி இருக்கும், மஞ்சள் வாலாட்டி மாட்டின் காலடியிலேயே நடக்கும்.

அரிட்டாபட்டியில் லகர் வல்லூறைக் கிட்டத்தில் பார்க்க எந்தப் பாறையில் ஏற வேண்டும்? (மதுரை)

எந்தப் பாறையிலும் ஏறக் கூடாது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. லகர் வல்லூறு, ஷாஹின் வல்லூறு இரண்டுக்கும் ஜனவரி இனப்பெருக்கக் காலம். நீங்கள் பாறை விளிம்பில் நின்றால் தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பாது. கீழே நின்று பாருங்கள். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு ஊருக்கெல்லாம் பரப்பவும் வேண்டாம்.

நேற்று எண்ணிய கொக்கையே இன்றும் எண்ணினால் தவறா? (வாடிப்பட்டி)

தவறில்லை. ஒவ்வொரு பட்டியலும் தனிக் கணக்கு. ஒரே பட்டியலுக்குள் ஒரே பறவை இரண்டு முறை வரக் கூடாது, அவ்வளவுதான். மூன்று பேர் சேர்ந்து போனால் ஒருவர் மட்டும் எழுதி மற்றவர்களுக்குப் பகிருங்கள்.

என் அம்மாவுக்குச் செயலி தெரியாது. ஆனால் சத்தத்தை வைத்தே பறவையைச் சொல்வார். (நத்தம் சாலை)

கூட்டிக்கொண்டு போங்கள், அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவர் ஊர்ப்பெயர் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் ஆறுமணிக்குருவியின் குரலைச் சரியாகச் சொல்ல அவரைப் போன்றவர்களால்தான் முடியும்.

எந்த பைனாகுலர் வாங்கலாம்? (பலர்)

8×42, அதாவது எட்டு மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முகப்பு லென்ஸ். பத்து மடங்கு உருப்பெருக்கம் வேண்டாம், கை ஆடும். கையில் பணமில்லை என்றால் இந்த வருடம் வெறுங்கண்ணோடு போங்கள். காலை ஆறே முக்காலுக்குக் கரையில் இருங்கள், எட்டரைக்குள் முடித்துவிடலாம்.