சித்தப்பா எழுந்து வெளியே போனால் போதுமா?

கேள்வி: மத்திய அரசு நிதியில் இயங்கும் நிறுவனம் ஒன்றில் ஆய்வு அலுவலர் பணிக்கு விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் நான்தான் முதலிடம். நேர்முகத் தேர்வில் பின்தங்கி, வேலை கைநழுவியது. தேர்வானவரின் சித்தப்பா தேர்வுக் குழுவில் இருந்தது முடிவு வந்த பிறகுதான் தெரிந்தது. கேட்டால், "பையன் உள்ளே வந்தபோது அவர் வெளியே போய்விட்டார்" என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். அவர்கள் சொல்லும் சமாதானமே உங்களுக்குச் சாதகம். உங்களுக்கு மதிப்பெண் போடும்போது அவர் உள்ளேதானே இருந்தார்? மற்றவர்களுக்கு இரண்டிரண்டு குறைத்தாலே அண்ணன் மகன் மேலே வந்துவிடுவார். 1969-ல் முடிந்த கிரைபக் வழக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஜம்மு-காஷ்மீர் வனத்துறை அதிகாரி ஒருவர் தேர்வுக் குழுவிலும் இருந்தார், போட்டியிலும் இருந்தார். தன் பெயர் வந்தபோது மட்டும் விலகிக்கொண்டார். உச்ச நீதிமன்றம் தேர்வையே ரத்து செய்தது. அவர் ஓரவஞ்சனை செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. செய்திருக்கக்கூடும் என்று நியாயமாக நினைக்க இடமிருந்தால் போதும்.

எதிர்த்தரப்பு 1985-ன் அசோக் குமார் யாதவ் தீர்ப்பைக் கையில் எடுக்கும். உறவினர் வரும்போது மட்டும் விலகினால் போதும் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகை அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு. அது அரசியலமைப்பு உருவாக்கிய அமைப்பு. சாதாரணத் தேர்வுக் குழுவில் நெருங்கிய உறவினர் முழுத் தேர்விலிருந்தும் விலக வேண்டும்.

நம் பேச்சில் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவெல்லாம் சித்தப்பாதான். இவர் கூடப்பிறந்த தம்பியா என்பதை ஆவணத்தோடு உறுதிசெய்யுங்கள். உங்களுக்கு எப்போது, யார் மூலம் தெரிந்தது என்பதையும் குறித்துவையுங்கள். முன்பே தெரிந்தும் வாய் திறக்காமல் நேர்முகத்துக்குப் போயிருந்தால், தோற்ற பிறகு எழுப்பும் ஆட்சேபம் எடுபடாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மதிப்பெண்ணையும் குழுவின் நடவடிக்கைக் குறிப்பையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மறுத்தாலும் கவலையில்லை, கோப்பை உயர் நீதிமன்றமே வரவழைக்கலாம். அரசியலமைப்பின் பிரிவு 226-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்குக் குறிப்பிட்ட கெடு கிடையாது என்றாலும், தாமதித்தால் அதையே காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள்.

வென்றாலும் அநேகமாக மறுதேர்வுதான். வேலை நேராக உங்கள் கைக்கு வராது. தேர்வான இளைஞரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். அவர் மேல் தவறே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவரைக் கேட்காமல் அவர் வேலையைப் பறிக்க எந்த நீதிபதியும் ஒப்ப மாட்டார்.