பாஸ்கா திருவிழிப்புக்குப் பாடல் தேர்வு: பாடகர் குழுக்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடக்கும் திருவிழிப்பில் இசையை எந்த இடத்தில் திறந்துவிடலாம்? நெருப்பு மந்திரிக்கும்போதே கீபோர்டு வாசிக்கலாமா?

வேண்டாம். பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதம் என்னும் புகழ்ப்பாடல் முடிந்ததிலிருந்து திருவிழிப்பின் வானவர் கீதம் வரை கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம். முன்னிசை, இடையிசை எதுவும் கிடையாது. சுருதி கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். அந்த வெறுமை காதில் பழகியிருந்தால்தான், மணியும் இசையும் சேர்ந்து எழும்போது உடம்பு சிலிர்க்கும்.

கருவி வாசிப்பவருக்கு ஒன்று. ஆலயத்தை இருட்டாக்க மெயின் சுவிட்சையே அணைத்தால் கீபோர்டும் அணைந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் பெரும்பாலான கீபோர்டுகளில் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) பூஜ்யத்துக்குப் போயிருக்கும், டோனும் மாறியிருக்கும். வானவர் கீதம் எட்டாத சுருதியில் தொடங்கிவிடுவது பல நேரம் இப்படித்தான். விளக்குகளை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்போஸ் எண்ணைப் பாடல் தாளின் தலையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கேள்வி: ஐயா, ஏழு பழைய ஏற்பாட்டு வாசகத்துக்கும் பின்னால் வரும் பதிலுரைப்பாடல் பழக எங்கள் குழுவுக்கு நேரமில்லை. என்ன செய்வது?

எத்தனை வாசகம் என்று பங்குத்தந்தையிடம் முதலில் கேளுங்கள். தக்க காரணம் இருந்தால் பழைய ஏற்பாட்டு வாசகங்களை மூன்றாகக் குறைக்கலாம். ஆனால் செங்கடலைக் கடப்பதைச் சொல்லும் விடுதலைப் பயணம் 14 கட்டாயம். சில பதிலுரைப்பாடல்களின் இடத்தில் மௌனமும் காக்கலாம். செங்கடல் பாடலை மட்டும் எப்படியாவது பாடிவிடுங்கள். அந்த வாசகத்தின் கடைசி வரியே பாட்டுக்கு அழைப்பு. வாசகர் வாய் மூடியதும் பாட்டு எழ வேண்டும். அங்கே தாள் புரட்டினால் எல்லாம் தளர்ந்துவிடும்.

கேள்வி: அல்லேலூயாவை மூன்று முறை சுருதி ஏற்றிப் பாடுகிறோம். மூன்றாவது முறை மக்கள் பாடுவதில்லை.

எட்டவில்லை, அதனால்தான். கணக்கை முடிவிலிருந்து போடுங்கள். மக்கள் சிரமமில்லாமல் தொடும் உச்ச ஸ்வரம் டி. மூன்றாவது முறையின் உச்சம் அங்கே நிற்கட்டும். முறைக்கு ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் முதல் முறையின் உச்சம் பி ஃப்ளாட், இரண்டாவது சி. முதல் முறை தாழ்வாகத் தோன்றும், தோன்றட்டும். தவக்காலத்தின் நாற்பது நாளாகப் பாடாத சொல் அது, மெல்லத்தான் எழ வேண்டும்.

கேள்வி: உயிர்ப்பு ஞாயிறு பகல் திருப்பலியில் தொடர்பாடல் என்னும் பெருவிழாப் பாடலை விட்டுவிடலாமா?

கூடாது. உயிர்ப்பு ஞாயிறும் தூய ஆவியார் பெருவிழாவும் தொடர்பாடல் கட்டாயமான நாள்கள். இடம் அல்லேலூயாவுக்கு முன்னால். நீளம் என்று தோன்றினால் ஆண், பெண் குரல்கள் மாறி மாறிப் பாடுங்கள்.

கேள்வி: அண்ணா, மக்கள் வரிசையில் வந்து நற்கருணை வாங்கும் திருவிருந்துக்குப் புதுப் பாடல் எடுக்கலாமா? எத்தனை பாடல் வேண்டும்?

திருவிருந்துக்குப் புதியது வேண்டாம். நடந்து வருபவர் கையில் புத்தகம் இருக்காது. பழகிய, குட்டையான பல்லவிதான் வாயில் நிற்கும். அளவுக்கு, வரிசையில் ஒருவருக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று ஒரு ஞாயிறு எண்ணிப் பாருங்கள். 5 விநாடி என்றால், 300 பேருக்கு மூவர் வழங்கும்போது எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரே பாடலின் சரணங்களை நீட்டினால் போதும். குரு நற்கருணை உட்கொள்ளும்போதே தொடங்குங்கள். கடைசி ஆள் உட்காரும் முன் பாட்டு தீர்ந்துவிட்டால் புதிதாக ஒன்றைத் தொடங்காமல் அமைதியாக விடுங்கள்.